காபி பந்தயம்: மாட்ரிட்டில் ஐந்து நாள்

ஊருக்குத் திரும்பி ஒரு வாரமாகிறது. இடது குதிகால் இன்னும் வலிக்கிறது. தினமும் படுக்கப் போகுமுன் கயல் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து நோட்டில் கிறுக்கி வைத்ததை நாள்வாரியாக இங்கே போடுகிறேன்.

கயல் என் அக்கா மகள். மாட்ரிட்டில் வேலை. நான் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் கலர் புரூஃப் பார்த்தவன், அதாவது மெஷின் ஓடும் முன் மாதிரித் தாளில் நிறம் சரியா என்று பார்ப்பவன். காலண்டர், தீப்பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை. ஓவியம் படித்தவன் இல்லை. லென்ஸை வைத்து அச்சுப் புள்ளியைப் பார்த்தே பிழைத்தவன். இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் மரியாதை.

அக்டோபர் 14, திங்கள்

தைசன் அருங்காட்சியகத்தில் திங்கள்கிழமை பகல் 12 முதல் 4 வரை இலவசம். இலவசம் என்றால் மாட்ரிட்காரர்களும் நம்மைப் போலத்தான். பதினொன்றரைக்கே நீளமான வரிசை. தூறல் வேறு. எங்களிடம் குடை இல்லை. முன்னால் நின்ற பாட்டி தன் குடையைப் பின்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். பேசவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. வரிசை நகர நகர அந்தப் பாதிக் குடையும் எங்களோடு நகர்ந்தது. வாசலில் நன்றி சொன்னதற்குக் கையை மட்டும் அசைத்தார்.

பந்தயம் அந்தக் குடைக்கடியில்தான் முடிவானது.

"மாமா, பக்கத்துல இருக்கிற லேபிளைப் பாக்கக் கூடாது. படத்தை மட்டும் பாத்து எந்த ஓவிய இயக்கம்னு சொல்லணும். தப்பா சொன்னா காபி."

நான் ஒரு நிபந்தனை சேர்த்தேன். காரணம் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். பார்த்தால் அப்படித் தோன்றுகிறது என்பதெல்லாம் செல்லாது.

இங்கே மேல்மாடிக்குப் போய்விட்டுக் கீழே இறங்கி வர வேண்டும். மேலே தங்கப் பின்னணி போட்ட இத்தாலியச் சாமிப் படங்கள், கீழே இருபதாம் நூற்றாண்டு. வரிசையாகப் போனால் முந்தின அறையை வைத்து அடுத்ததைச் சொல்லிவிடலாம். அதனால் கயல் என்னை அறை மாற்றி அறை இழுத்துக்கொண்டு ஓடினாள். குதிகால் வலி ஆரம்பித்தது இங்கேதான்.

முதல் படத்திலேயே தோற்றேன். சிறிய இரட்டைச் சட்டம். ஒரு பக்கம் தேவதை, மறுபக்கம் மரியாள், இரண்டும் வெள்ளைக் கல்லில் செதுக்கியவை. பின்னால் பளபளக்கும் கறுப்புக் கல், அதில் சிலைகளின் பிம்பம்கூட விழுகிறது. "இது சிலை, ஓவியக் கணக்கில் வராது" என்றேன். கயல் சிரித்தாள். யான் வான் ஐக், 1430களில் எண்ணெய் வண்ணத்தில் தட்டைப் பலகைமேல் வரைந்தது. நிழல் அத்தனையும் பொய். முப்பத்தொரு வருஷம் புரூஃப் பார்த்த கண் இது!

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த வழியிலேயே போனேன். அச்சில் நான்கு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் ஓரத்தில்தான் தெரியும். எனவே முதலில் ஓரத்தைப் பார்ப்பது, அப்புறம் கறுப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. கிர்லாந்தாயோ வரைந்த ஜொவான்னாவின் பக்கவாட்டு முகத்தில் ஓரம் கத்தியால் நறுக்கியதுபோல் இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டு ஃபுளோரன்ஸ். காரவாஜியோவின் புனித கத்தரீனிடம் வந்தால் வெளிச்சம் படுகிற பக்கத்தில்தான் ஓரம் இருக்கிறது, மறுபக்கத்தை இருட்டு விழுங்கிவிட்டது. அங்கே பரோக் பிறந்துகொண்டிருக்கிறது. பிஸ்ஸாரோ 1897இல் ஹோட்டல் ஜன்னலிலிருந்து வரைந்த மழைநேரப் பாரிஸ் தெருவில் எதற்குமே ஓரம் இல்லை. வண்டி, குடை, மரம் எல்லாம் ஈரத்தில் கலந்து கிடக்கின்றன. நிழலுக்குக்கூட வெறும் கறுப்பைப் போடவில்லை, சாம்பலும் நீலமும்தான். இம்ப்ரெஷனிசத்துக்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்தப் படத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. லில்லி கசிரர் என்ற யூதப் பெண்மணி 1939இல் ஜெர்மனியை விட்டுத் தப்பிப்பதற்காக நாஜிகளிடம் அதைக் கொடுக்க வேண்டியிருந்தது. குடும்பம் 2005இல் அமெரிக்காவில் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. படம் இங்கே தொங்குகிறது. முன்னால் நின்றுகொண்டு காபிக்காகச் சண்டை போட்டது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அடுத்த படத்தில் எனக்கு வெற்றி. லண்டன் வாட்டர்லூ பாலம், மஞ்சளும் நீலமுமாகப் பட்டை பட்டையாக வைத்த வண்ணம். "புள்ளி புள்ளியா இருக்கு மாமா, பாயின்டிலிசம்" என்றாள் கயல். புள்ளி விஷயத்தில் என்னிடமா? பாயின்டிலிசத்துப் புள்ளி நம் அச்சுப் புள்ளி மாதிரி. சின்னதாக, நெருக்கமாக இருக்கும், தள்ளி நின்றால் கண்ணுக்குள் கலந்து வேறு நிறமாகும். இது கலக்க மறுக்கிறது. ஒவ்வொரு பட்டையும் தனித்தனியாகக் கத்துகிறது. லண்டன் வானம் என்றைக்கு இப்படி இருந்தது? அந்திரே தெரான், 1906, ஃபாவிசம். 1-1.

கிர்ஷ்னரின் சிறுமி (1910) எளிது. முகம் பச்சை. உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குத்தான் மனிதத் தோலின் நிறம். புரூஃபில் இப்படி வந்திருந்தால் மெஷின்காரரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டிருப்பேன். இருவரும் ஒரே குரலில் எக்ஸ்பிரஷனிசம் என்றோம்.

மாலையில் விபத்து. புரட்டாசி முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, நான் அசைவம் தொடுவதில்லை. கயல் போன் பேசப் போன நேரத்தில் நானே தைரியமாக மெனுவில் ‘வெகெதால்’ என்று இருந்த சாண்ட்விச்சைக் கை காட்டினேன். காய்கறிதானே? இரண்டு கடி கடித்த பிறகுதான் முட்டையும் சூரை மீனும் தெரிந்தன. இந்த ஊரில் கீரை இலை ஒன்று உள்ளே இருந்தால் அது வெகெதால். ஆறு யூரோ. யூரோவை ரூபாயாக மனசு பெருக்கிக்கொண்டே இருக்கிறது. பெருமாள் மன்னிக்கட்டும்.

அக்டோபர் 15, செவ்வாய்

ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்துக்குப் போனோம். கதவு பூட்டியிருந்தது. செவ்வாய் விடுமுறை. தப்பு என்னுடையது, நாளை மாற்றி எழுதி வைத்திருக்கிறேன். பத்து நிமிஷ நடைதான், பிராடோ அருங்காட்சியகத்துக்குத் திரும்பினோம். டிக்கெட் 15 யூரோ. உள்ளே படம் எடுக்கக் கூடாது. ஓர் இளைஞன் போனைத் தூக்கினான். மூலையில் இருந்த காவலர் பெண்மணி அறை முழுக்கக் கேட்கும்படி "நோ ஃபோட்டோ!" என்றதும் போனைத் தொடாத நானும் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

படம் எடுக்க முடியாததால் எல்லோரும் பார்க்கிறார்கள். ஒரு நாளில் எனக்குப் பிடித்த விதி இதுதான்.

ரோஜியர் வான் டெர் வைடனின் ‘சிலுவையிலிருந்து இறக்குதல்’ முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. 1443க்கு முந்தையது. ஆட்கள் எல்லோரும் தங்க நிறப் பெட்டிக்குள் அடைத்து வைத்தாற்போல நெருக்கமாக நிற்கிறார்கள். இயேசுவின் உடல் எப்படி வளைந்து தொங்குகிறதோ, மயங்கி விழும் மரியாளின் உடலும் அதே வளைவில் விழுகிறது. கன்னத்துக் கண்ணீர் ஒவ்வொரு துளியும் தனியாக வெளிச்சம் வாங்குகிறது. மேல் மூலைகளில் குட்டி வில்கள் இருக்கின்றன. படத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் லூவென் நகரத்து வில்லாளிகள் சங்கத்தார். சங்கத்துப் பெயரைக் காலண்டரின் அடியில் போடச் சொல்லும் நம் நாடார் உறவின்முறைக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். இவர்கள் கொஞ்சம் அடக்கமாகச் செய்திருக்கிறார்கள்.

முரில்யோவின் அமலோற்பவ மாதா முன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேகத்தின்மேல் நிற்கும் பெண், மேலே பார்க்கும் கண், காலைச் சுற்றிக் கொழுகொழு குழந்தைகள், பின்னால் பொன் வெளிச்சம். நாங்கள் வருஷா வருஷம் அடித்த லட்சுமிக்கு இவள் பெரியம்மா மாதிரி இருக்கிறாள். இதை நெப்போலியனின் தளபதி சூல்ட் என்பவர் கொள்ளையடித்துப் போய், 1941இல்தான் ஸ்பெயினுக்குத் திரும்பி வந்ததாம். "பரோக்" என்றேன், காரணமும் சொன்னேன்: எதுவும் நிற்கவில்லை, துணி சுழல்கிறது, மேகம் ஏறுகிறது, மொத்தப் படமும் சாய்வாக மேலே போகிறது. கயலும் அதையே சொன்னதால் காபி யாருக்கும் இல்லை.

வெலாஸ்கெஸின் ‘லாஸ் மெனினாஸ்’ பெரியது, மூன்று மீட்டருக்கு மேல் உயரம். தூரத்திலிருந்து இளவரசியின் சட்டை, வெள்ளி, சரிகை எல்லாம் அச்சு அசலாகத் தெரிகின்றன. கயிறு வரை நெருங்கிப் போனால் சட்டை காணாமல் போய்விடுகிறது. வெள்ளைத் தீற்றல், சாம்பல் தீற்றல், ஒரு சிவப்புக் குத்து, அவ்வளவுதான். நான் முன்னால் நாலு அடி, பின்னால் நாலு அடி என்று போய் வந்ததைப் பார்த்து ஜப்பானியக் குடும்பம் ஒன்றும் அப்படியே செய்ய ஆரம்பித்தது.

"மாமா, இது இம்ப்ரெஷனிசம். தூரிகையைப் பாருங்க."

வருஷம் 1656. கயலுக்குத் தோல்வி. ஆனால் அவள் கண்ணில் தப்பில்லை என்று இப்போது நினைக்கிறேன். 1865இல் இங்கே வந்த பிரெஞ்சு ஓவியர் மானே, ஓவியர்களின் ஓவியர் என்று இவரைப் பற்றிக் கடிதம் எழுதினார். பிறகு இம்ப்ரெஷனிசத்தைத் தொடங்கிய பாரிஸ் இளைஞர்கள் அந்த மானேயைச் சுற்றித்தான் கூடினார்கள். அவள் பேரனின் சாடையைத் தாத்தா முகத்தில் கண்டுபிடித்திருக்கிறாள். அதற்காகக் காபியை விட்டுக்கொடுக்க முடியுமா? 2-1.

இங்கே மதியச் சாப்பாடு இரண்டரைக்கு. அதற்கு முன் போனால் சமையல்காரரே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மெனு தெல் தியா 14 யூரோ: முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு, ரொட்டி. பச்சைப் பட்டாணி கேட்டேன், பன்றித் துண்டுகளோடு வந்தது. கயல் சொன்னதும் பரிமாறுபவர் முகம் சுளிக்காமல் எடுத்துப் போய் உருளைக்கிழங்கு ஆம்லெட் கொண்டு வந்தார். அதில் முட்டை. கடைசியில் ரொட்டியும் தக்காளியும்.

அக்டோபர் 16, புதன்

செருப்புக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு பகல் முழுதும் வீட்டிலேயே இருந்தேன். சாயங்காலம் 6 முதல் 8 வரை பிராடோ இலவசம். கோயாவுக்காக மட்டும் போனோம்.

மேல்மாடியில் தொடங்கினோம். 1777இல் அரண்மனைச் சாப்பாட்டு அறைத் திரைச்சீலைக்காக வரைந்த ‘குடை’. நீல மேற்சட்டைப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் இளைஞன் பச்சைக் குடை பிடிக்கிறான், அந்தப் பச்சை அவள் முகத்தில் லேசாக விழுகிறது. வெயில், சிரிப்பு, மடியில் நாய்க்குட்டி. ரொகோகோ என்கிற அந்த மென்மையான அலங்கார பாணியின் கடைசிக் காற்று வீசும் படம். சுலபம் என்று இருவரும் இறங்கினோம்.

தரைத்தளத்தில் ‘மே 3’. 1814இல் வரைந்தது, நடந்தது 1808இல். நெப்போலியனின் சிப்பாய்களுக்கு முகமே இல்லை, முதுகு மட்டும் வரிசையாக நிற்கிறது. தரையில் பெரிய விளக்கு. வெளிச்சம் முழுவதையும் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் வாங்கிக்கொண்டு கைகளை விரித்திருக்கிறான். ரத்தம் சிவப்புச் சாயமாகத் தரையில் இழுத்துவிட்டிருக்கிறது. அடுத்த கணம் துப்பாக்கி வெடிக்கும். உணர்ச்சியைக் கொட்டி வரையும் ரொமான்டிசிசம் என்றாள் கயல். சரிதான். ஆனால் மாடியில் குடை பிடித்த அதே கை!

அதற்கப்பால் கறுப்பு ஓவியங்கள். எழுபதைத் தாண்டிய வயதில், காது கேட்காத கோயா, மாட்ரிட்டுக்கு வெளியே வாங்கிய வீட்டின் சுவரில் தனக்குத்தானே வரைந்துகொண்டவை, மொத்தம் 14. ‘செவிடன் வீடு’ என்று அந்த வீட்டுக்குப் பெயர். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பெயர் கோயாவால் வந்ததில்லை, முன்னால் இருந்தவரும் காது கேளாதவர். கோயா இந்த எந்தப் படத்துக்கும் பெயர் வைக்கவில்லை. பிற்பாடு சுவரிலிருந்து துணிக்கு மாற்றினார்கள். அதில் நாய் ஒன்று. தலை மட்டும் தெரிகிறது. மேலே மண் நிறத்தில் வெறுமை, கீழே சரிவான கறுப்பு. நாய் முங்குகிறதா, எட்டிப் பார்க்கிறதா? ஓரம் தேடினேன், கறுப்பைத் தேடினேன். என் வித்தை எதுவும் வேலை செய்யவில்லை. எக்ஸ்பிரஷனிசம் என்றேன், அந்தப் பெயர் பிறக்கவே எண்பது தொண்ணூறு வருஷம் இருந்தது. கயல் வாயே திறக்கவில்லை. இருவருக்கும் பூஜ்யம்.

இரவு ஒன்பதரைக்குச் சுரோஸ். நம் முறுக்கு மாவை நீளமாகப் பிழிந்து பொரித்த மாதிரி, கூடக் கெட்டிச் சாக்லேட். கயல் போனில் படித்துச் சொன்னாள். இம்ப்ரெஷனிசம் என்பது 1874இல் மோனே என்ற ஓவியரின் படத்தைக் கிண்டல் செய்ய லூயி லெரோவா எழுதிய விமர்சனத்தில் வந்த சொல். ஃபாவ் என்றால் காட்டு மிருகம், 1905இல் லூயி வோக்ஸெல் விட்ட அம்பு. பரோக் என்ற சொல்லின் வேர் கோணல் முத்து. நம்மூரில் பட்டப்பெயர் வைப்பதும் இப்படித்தான். திட்டியவர் போய்விடுவார், குடும்பத்துக்கே அந்தப் பெயர் நிலைக்கும், பேரன் அதையே கடைப் பலகையில் எழுதுவான்.

அக்டோபர் 17, வியாழன்

ஐப்பசி பிறந்தது. தொலேதோவுக்கு ரயிலில் அரை மணி நேரம்தான். இறங்கினால் மழை. ஊர் முழுக்கக் கல் பாவிய ஏற்றம், மழையில் சோப்புப் போட்ட மாதிரி வழுக்குகிறது. ஒரு தரம் உட்கார்ந்தே விட்டேன். தெருவில் போன பள்ளிப் பையன்கள் இருவர் ஓடி வந்து தூக்கினார்கள். தூக்கிய பிறகுதான் சிரித்தார்கள்.

சாந்தோ தோமே தேவாலயத்தில் எல் கிரெகோவின் ‘ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்’ (1586-88). 1323இல் இறந்த பிரபுவைப் புதைக்க வானத்திலிருந்து இரண்டு புனிதர்கள் இறங்கி வந்தார்கள் என்பது கதை. உண்மையான கல்லறை படத்துக்கு நேர் கீழே இருக்கிறது. படத்தில் உடலை இறக்கினால் நம் காலடியில்தான் வந்து விழும்.

கீழ்ப்பாதியில் கறுப்பு உடுப்பு, வெள்ளைக் கழுத்துப்பட்டை, ஊர்ப் பெரிய மனிதர்களின் முகங்கள் வரிசையாக. கவசத்தில் புனிதரின் சாயல்கூட விழுகிறது. மேல்பாதியில் வேறு உலகம். உடல்கள் நீள்கின்றன, மேகம் பனிக்கட்டிபோல் உடைகிறது, எதற்கும் எடை இல்லை. "ரெண்டு பேர் வரைஞ்சது. கீழே மறுமலர்ச்சி, மேலே யாரோ" என்று சொல்லி இரண்டாம் காபியை இழந்தேன். ஒரே ஆள், ஒரே துணி. "மேனரிசம் மாமா, வேணும்னே நீட்டறது" என்றாள் கயல். 2-2.

கிரெகோவுக்குக் கண் கோளாறு, அதனால்தான் ஆட்கள் நீளமாக இருக்கிறார்கள் என்று ஒரு காலத்தில் கண் மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். இந்தப் படத்தின் முன் ஐந்து நிமிஷம் நின்றிருந்தால் போதும். கோளாறு உள்ள கண் கீழ்ப்பாதியை மட்டும் எப்படிச் சரியாகப் பார்க்கும்? இடது ஓரத்தில் சிறுவன் ஒருவன் நம்மைப் பார்த்துக்கொண்டு விரலால் சுட்டுகிறான். ஓவியரின் மகன். பையிலிருந்து எட்டிப் பார்க்கும் கைக்குட்டையில் 1578 என்று அவன் பிறந்த வருஷம்.

மதியம் கார்காமூசாஸ். பன்றி இறைச்சி, தக்காளி, பட்டாணி, நல்ல காரம். ஒரு மாதப் பாக்கியைத் தீர்த்தேன். கயல் மறுதட்டு சொல்லும் முன்பே கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரொட்டி வைத்தார்.

அக்டோபர் 18, வெள்ளி

ரெய்னா சோஃபியா திறந்திருந்தது. 12 யூரோ. ஒரு காலத்தில் மருத்துவமனையாக இருந்த கட்டடம், நீள நீளத் தாழ்வாரம். வெளியே கண்ணாடி லிஃப்ட்.

கயல் என்னை நேராக ஒரு படத்தின் முன் நிறுத்தினாள். ஜன்னலில் சாய்ந்து கடலைப் பார்க்கும் பெண், முதுகு மட்டும் தெரிகிறது. நீலம், வெள்ளை, அமைதி. ஓரங்கள் சுத்தம், கறுப்பு இல்லை. "பத்தொன்பதாம் நூற்றாண்டு, ரியலிசம்" என்றேன், கொஞ்சம் அலட்சியமாகவே. சால்வடார் டாலி, 1925, ஜன்னலில் நிற்பது அவர் தங்கை. பிற்பாடு உருகும் கடிகாரங்களை வரைந்து பேர் வாங்கியவர் இருபத்தோரு வயதில் இப்படியும் வரைந்திருக்கிறார். 2-3.

ஹுவான் கிரிஸின் கிட்டார் வந்தது. மேஜையை மேலிருந்து பார்த்து, கிட்டாரைப் பக்கத்திலிருந்து பார்த்து, எல்லாவற்றையும் ஒரே தாளில் அடுக்கினால் க்யூபிசம். புரிந்தது, நகர்ந்தோம்.

அப்புறம் ‘கெர்னிகா’. கிட்டத்தட்ட 7.8 மீட்டர் அகலம். கெர்னிகா என்ற ஸ்பானிய ஊரின்மேல் 1937 ஏப்ரல் 26இல் குண்டு விழுந்தது. பாரிஸில் இருந்த பிக்காசோ செய்தித்தாளில் படித்துவிட்டு, அந்த வருஷப் பாரிஸ் கண்காட்சியின் ஸ்பானிய மண்டபத்துக்காக வரைந்தார். ஸ்பெயினுக்கு வந்தது 1981இல்தான். கூட்டம் இருந்தது, சத்தம் இல்லை.

எனக்கு முதலில் தெரிந்தது இது ஒற்றைக் கலர் வேலை என்பது. கறுப்பு, வெள்ளை, நடுவில் சாம்பல். சியான், மெஜந்தா, மஞ்சள் மூன்று பிளேட்டையும் கழற்றி வைத்துவிட்டார். நடுவில் அலறும் குதிரையின் உடம்பைப் பார்த்தேன். சின்னச் சின்னக் கோடுகள் வரி வரியாக. எழுத்து தெரியாத அளவுக்குத் தள்ளி வைத்துப் பார்த்த செய்தித்தாள். அந்தக் குதிரைமேல் நியூஸ்பிரின்ட் அடித்திருக்கிறார்.

"க்யூபிசம்" என்றாள் கயல், மூக்கும் கண்ணும் இடம் மாறிக் கிடப்பதைக் காட்டி. எக்ஸ்பிரஷனிசம் என்றேன், குதிரையின் நாக்கு ஆணிபோல் இருப்பதைக் காட்டி. கனவுபோல வரையும் சர்ரியலிசம் என்றும் சிலர் சொல்கிறார்கள் என்றது போன். பக்கத்து லேபிளில் இயக்கத்தின் பெயர் இல்லை. ஐந்து நாளாக எந்த லேபிளிலும் இருந்ததில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். மறைத்து மறைத்துப் பார்த்ததெல்லாம் ஓவியர் பெயரையும் வருஷத்தையும்தான். தீர்ப்பு சொன்னது முழுக்கக் கயலின் போன்.

"அப்போ நீ சொன்னதெல்லாம் சரின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தோத்துட்டுப் பேசாதீங்க மாமா."

சண்டை லவாபியேஸ் பேட்டை வரை தொடர்ந்தது. அங்கே வங்காளதேசத்துக்காரர் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் பருப்பும் சோறும், கண்ணில் நீர் வரும் பச்சை மிளகாயும் 9 யூரோவுக்கு. முடிந்ததும் ஏலக்காய் போட்ட டீ. காசு நான்தான் கொடுத்தேன். அது காபி இல்லை, கணக்கில் வராது என்கிறாள் கயல்.